உரையளவையும் வன்னியின் சாட்சியும்

நமது இலக்கிய விவாதங்களில் அண்மைக்காலத்தே இரண்டு சொற்றொடர்கள் பெருவழக்குப் பெற்றுள்ளன. ஒரு நாவலிலோ நினைவுக் குறிப்பிலோ வரும் செய்தி தமக்கு உவப்பாயின் அதனை ‘வரலாற்று ஆவணம்’ என்பதும், உவப்பில்லையாயின் ‘வெறும் செவிவழிக் கதை’ என்பதும் விமரிசகர் சிலரது வாடிக்கையாகிவிட்டது. ஒரே கிராமத்து மக்கள் ஒரே பதுங்குகுழியில் இருந்தபடி கண்டதைச் சொன்னாலும், அச்சொல் எவர் கையில் அகப்படுகிறதோ அவரது தேவைக்கேற்ப ஆவணமென்றோ கதையென்றோ பெயர் பெறுகின்றது. இதனைச் சொற்குழப்பமென்று ஒதுக்கிவிட முடியாது. பிறர் சொல்லக் கேட்டறிவது அறிவாகுமா, ஆகுமெனின் எவருடைய சொல் எந்த நிபந்தனையின்கீழ் அறிவாகும் என்ற அடிப்படை வினாவை நமது விமரிசனம் எதிர்கொள்ளத் தவறியதன் விளைவே இது. வன்னி மண்ணைப் பொறுத்தவரை இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று, உயிர்களைப் பற்றியது.

முதலில் நம்மவரிடையே உள்ள ஒரு மயக்கத்தைக் கூறிவிடவேண்டும். விஞ்ஞானம் சிறிது கற்ற மாணவ நண்பர்கள், “கண்ணால் கண்டதையே நம்புவோம், பிறர் சொல்வதை நம்புவது மூடநம்பிக்கையின் மிச்சம்” என்று வாதிடுவதுண்டு. முற்போக்குக் கருத்தைப் போலத் தோற்றமளிக்கும் இவ்வாதத்திற்குத் தமிழ்க் காப்பியமொன்று பல நூற்றாண்டுகளுக்கு முன்பே விடையிறுத்துள்ளது. மணிமேகலை வஞ்சிமாநகரிற் சமயக்கணக்கர் பலரையும் கண்டு அவரவர் திறம் கேட்கிறாள். அவர்களுள் பூதவாதி, கண்கூடாகக் காண்பதன்றிப் பிறிதோர் அளவையை ஏற்பதற்கில்லை என்கிறான். அதுகேட்டு நகைக்கும் மணிமேகலை, உன் தாயையும் தந்தையையும் நீ எவ்வாறு அறிந்தாய் என வினவுகிறாள். இன்னாளே தாய், இன்னானே தந்தை என்பது எவரும் கண்ணாற் கண்டறிந்த செய்தியன்று. பிறர் சொல்லக் கேட்டு, அச்சொல்லை ஏற்றுக்கொண்டே நாம் அதனை அறிகிறோம். நமது பெயர், பிறந்த நாள், பூமியின் வயது, 1848இல் ஐரோப்பாவிற் புரட்சிகள் நடந்தன என்பது, மலேரியாவை நுளம்பு பரப்புகிறது என்பது யாவும் இவ்வகையினவே. பிறர் சொல்லை ஒதுக்கிவிட்டு எஞ்சும் அறிவைக் கொண்டு ஒருவன் ஒரு போகம் நெல்லேனும் விளைவிக்க முடியாது.

காப்பியத்தின் வாதம் இத்துடன் நின்றுவிடவில்லை. அறவண அடிகள் பௌத்த அளவைகளை உணர்த்தும்போது காட்சி, கருத்து என இரண்டையே கொள்கிறார்; ஏனையவை கருத்தளவையில் அடங்கும் என்கிறார். இதன்படி ஒருவருடைய சொல் சொல்லப்பட்டதாலேயே மெய்யாகிவிடுவதில்லை. சொல்பவர் யார், அவர் அறியக்கூடிய நிலையில் இருந்தாரா என்பவற்றிலிருந்து நாம் உய்த்துணர்ந்தே அதனை ஏற்கவேண்டும். நியாய தரிசனத்தாரோ சொல்லைத் தனியோர் அளவையாகவே கொண்டனர். பதினெட்டாம் நூற்றாண்டில் ஸ்கொத்லாந்தின் ஹியூமும் ரீடும் இதே வழக்கை மீண்டும் நடத்தினர் என்பது இங்கு நினைக்கத்தக்கது. சாட்சியை நம்புவதற்கு அனுபவமே அடிப்படை என்றார் முன்னவர். நம்புதல் மனிதருக்கு இயல்பாயமைந்தது என்றார் பின்னவர்.

நியாய நூலாரிடம் நாம் கற்கவேண்டியது வேறொன்று. எவருடைய சொல் அளவையாகுமோ அவரை அவர்கள் ஆப்தன் என்றனர். பொருளை நேரே அறிந்தவன், அறிந்தவாறே பிறர்க்கு உணர்த்த விழைபவன் எவனோ அவனே ஆப்தன்; இவ்விலக்கணம் முனிவர்க்கும் ஆரியர்க்கும் மிலேச்சருக்கும் ஒன்றே என்று உரைகாரர் வாத்ஸ்யாயனர் எழுதினார். வருணப் பிரிவினை வேரூன்றிய ஒரு சமுதாயத்தில், அறியும் தகுதியைப் பிறப்பினின்றும் பிரித்துவிட்ட இக்கூற்றின் துணிவை நாம் போதிய அளவு கவனித்ததில்லை. நமது சைவப் பாடசாலை மரபு இப்பகுதியை நமக்குக் கற்பிக்கவுமில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டிற் சிவஞான சித்தியார் அளவைகளைக் காண்டல், கருதல், உரை என மூன்றாகச் சுருக்கியபோது, உரை என்பது அநாதியே மலமற்ற இறைவன் அருளிய ஆகம நூல் என்றாயிற்று. எந்த மனிதனின் வாயிலும் பிறக்கக்கூடியதாயிருந்த உரையளவை, கோயிலும் மடமும் காக்கும் நூலுக்குரியதாயிற்று. இம்மாற்றத்தை நிலவுடைமைச் சமுதாயத்தின் வளர்ச்சியோடு இணைத்துப் பார்க்காமல் விளங்கிக்கொள்ள முடியாது. எவர் சொல் நம்பத்தக்கது என்ற கேள்விக்கு, எவர் நிலம் உடையவர், எவர் எழுத்தறிவு உடையவர், எவர் அதிகாரத்திற்கு அண்மையில் இருப்பவர் என்ற கேள்விகளே விடையாக அமைந்த காலங்கள் நீண்டன. அவை முற்றாக முடிந்துவிட்டன என்று கூறுவதற்கில்லை.

இனி நமது மண்ணுக்கு வருவோம். முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒட்டுசுட்டானை அடுத்த கற்சிலைமடுவில் ஆங்கிலேயர் ஆட்சி ஒரு நடுகல்லை விட்டுச் சென்றது. 1803 ஒக்ரோபர் 31ஆம் நாள் கப்டன் வொன் டிறிபேர்க் பண்டார வன்னியனைத் தோற்கடித்தார் என்பது அதிற் பொறிக்கப்பட்ட ஆங்கில வாசகத்தின் பொருள். அவ்வாண்டு ஓகஸ்ட் 25ஆம் நாள் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றிய வன்னியனுக்கு ஏகாதிபத்தியம் அளித்த மறுமொழியின் பதிவு இது. முல்லைமணியின் நாடகம் முதற்கொண்டு, மு. கருணாநிதியின் ‘பாயும் புலி பண்டாரக வன்னியன்’ நாவல் வரை இவ்வீரனைப் பற்றிய ஆக்கங்கள் பல. பாடசாலை மேடைகளில் ஆடப்பெறும் நாடகங்களுக்கோ கணக்கில்லை. அவை பெரும்பாலும் ஒரே முடிவை உடையன: ஒக்ரோபர் 31இற் கற்சிலைமடுவில் வன்னியன் வீரமரணம் அடைவான், திரை விழும். அந்நாளே அவனது நினைவு நாளாகவும் நெடுங்காலம் போற்றப்பட்டு வந்துள்ளது.

ஆனால் அக்கல்லின் வாசகத்தை நமது நாடகாசிரியர்கள் எத்துணைக் கவனமாக வாசித்தனர்? தோற்கடித்தார் என்றே கல் கூறுகிறது. கொன்றார் என்று கூறவில்லை. அந்நாளுக்குப் பின்னரும் பண்டார வன்னியன் சில ஆண்டுகள் உயிரோடிருந்தான் என்பதை ஆங்கிலேயர் கால ஆவணங்களை ஆராய்ந்தோர் எடுத்துக்காட்டியுள்ளனர். பகைவன் கல்லில் வெட்டாத மரணத்தை நமது மேடை வெட்டிக்கொண்டது. ஒரு தோல்விக்குப் பின்பு காட்டிலும் கிராமத்திலும் மறைந்து வாழ்ந்து எதிர்ப்பைத் தொடர்வது மேடைக்கு ஏற்ற காட்சியாக நமக்குத் தோன்றவில்லை போலும்! அவ்வாண்டுகளில் அவனுக்குச் சோறிட்ட கமக்காரரும் வழிகாட்டிய வேட்டைக்காரரும் இருந்திருக்கவேண்டும். அம்மக்களை எழுதியிருக்கக்கூடிய நாடகத்தை ஒரு வாட்சண்டைக்காக நாம் இழந்துவிட்டோம்.

இன்னொன்று. அக்கல்லின் ஆங்கில வாசகம் ‘இவ்விடத்தில்’ என்று தொடங்கவில்லை. ‘இவ்விடத்திற்கு அண்மையில் எங்கோ’ என்ற பொருள்படும் சொல்லாலேயே தொடங்குகிறது. களத்தில் நின்று கண்டவன் பேசும் பேச்சு அவ்வாறு இராது. கேட்டறிந்து எழுதுபவனின் தயக்கம் அச்சொல்லிற் கேட்கிறது. கல்லிற் பொறித்த சான்று என்று நாம் எதைக் கிராமத்தாரின் வாய்மொழிக்கு எதிரே நிறுத்துகிறோமோ, அதுவும் எவரோ சொல்லக் கேட்டதன் பதிவாகவே தோன்றுகிறது. உளி தொட்டதனால் உரை காட்சியாகிவிடாது. போருக்குப் பின்னர் அக்கல்லை உடைத்தவர்களும் எழுத்தை அழித்தால் நிகழ்ச்சியை அழித்துவிடலாம் என்று எண்ணியவர்களே.

இங்ஙனம் கூறுவதால், மக்களின் வாய்மொழி யாவும் மெய்யே என்று வாதிடுவதாக எவரும் கருதவேண்டியதில்லை. காக்கை வன்னியன் கதையைப் பாருங்கள். பண்டார வன்னியனைக் காட்டிக்கொடுத்தவன் காக்கை வன்னியன் என்று வன்னியில் யாவரும் சொல்வர். மேடையும் அவ்வாறே சொல்கிறது. ஆனால் ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலையைப் புரட்டினால், சங்கிலி மன்னனைப் பறங்கியருக்குப் பிடித்துக்கொடுத்தவனும் ஒரு காக்கை வன்னியனே! இரு நிகழ்ச்சிகளுக்கும் இடையே ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் கிடக்கின்றன. ஒரே பெயருடைய இருவர் ஒரே துரோகத்தைச் செய்திருக்கலாம் என்று அடித்துச் சொல்ல முயல்வோர் முயலட்டும். துரோகிக்கு மக்கள் மரபு ஏற்கெனவே வைத்திருந்த பெயர் புதிய கதையிலும் வந்து குடியேறிற்று என்று கொள்வதே பொருத்தமாகப் படுகிறது. இதனால் மக்கள் பொய்யர் ஆகிவிடுவதில்லை. தலைமுறை தலைமுறையாகக் கைமாறும் கதையில் நடந்ததும் இருக்கும், நடந்ததைப் பற்றிய தீர்ப்பும் இருக்கும். தீர்ப்பைச் சம்பவமென்று எடுத்துக்கொள்வது எழுத்தாளனின் பிழையே, பாட்டியின் பிழையன்று. காட்டிக்கொடுத்தவன் ஒருவன் கிடைத்துவிட்டால், பீரங்கியும் கப்பலும் கொண்டுவந்த ஏகாதிபத்தியத்தைப் பற்றி விசாரிக்கும் சிரமம் நாடகாசிரியனுக்கு இல்லாதுபோகிறது என்பதையும் இவ்விடத்திற் குறிப்பிட்டாகவேண்டும்.

நமது மொழி இவ்வேறுபாட்டை நன்கறியும். வந்தான் என்பது வேறு. வந்தானாம் என்பது வேறு. பிற்கூற்றில் உள்ள ‘ஆம்’ என்னும் சிறு சொல், இதனை நான் கண்டிலேன், கேட்டேன் என்று சொல்பவனே ஒப்புக்கொள்ளும் அடையாளம். தொல்காப்பியர் விதிக்கு விதி என்மனார் புலவர் என்று எழுதியதும் தமக்கு முன்னோர் சொன்னதை அவர்தம் பெயரிலேயே வைக்கும் நேர்மையினாலன்றோ! கிராமத்துக் கிழவி கதை சொல்லும்போது இவ்விடத்தில் ‘ஆம்’ போடுவாள், அவ்விடத்திற் போடமாட்டாள். அந்த நுட்பத்தை அச்சில் ஏற்றும்போது துடைத்தெறிபவர் படித்த நாமே. வாய்மொழி வழக்காறுகளைத் தொகுக்கப் புறப்படும் மாணாக்கர் இந்த ‘ஆம்’களை ஒன்றுவிடாது பதிவு செய்வாராயின், எது கண்டது, எது கேட்டது என்ற பாகுபாட்டிற் பாதி வேலை முடிந்துவிடும்.

எழுத்தாவணங்களின் பெருமைக்கும் இது பொருந்தும். சிவில் சேவை உத்தியோகத்தர் ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்களின் கைந்நூல் இன்றும் ஆய்வாளருக்கு இன்றியமையாத நூலாக உள்ளது. ஆயின், குளங்களின் பழைமை, குடிகளின் வழக்கம், தெய்வங்களின் கதை என்பவற்றை அந்நூலாசிரியர் தாமே கண்டறிந்திருக்க முடியாது, சொன்னவர்கள் இருந்தனர். அட்டையில் அவர்கள் பெயர் இல்லை. இன்று நாம் லூயிஸ் சொல்கிறார் என்று மேற்கோள் காட்டும்போது, பெயரற்ற வன்னியான் ஒருவனின் சொல்லையே ஆங்கிலத்தின் வழியாகச் சுற்றி வந்து ஏற்றுக்கொள்கிறோம். நேரே வந்தால் அது செவிவழிக் கதை!

கார்ல் மார்க்ஸ் 1867இல் ‘மூலதனம்’ முதற்பாகத்தை வெளியிட்டபோது, வேலைநாள் பற்றிய அதிகாரத்தை எவ்வாறு எழுதினார் என்பதை நமது தோழர்கள் மீண்டும் ஒருமுறை வாசிப்பது நன்று. தொழிற்சாலைப் பரிசோதகர்களின் அறிக்கைகளும் சிறுவர் வேலைவாய்ப்பு ஆணைக்குழுவின் பதிவுகளும் அங்கு நிறைந்து கிடக்கின்றன. மட்பாண்டத் தொழிற்சாலையில் வேலைசெய்த ஒன்பது வயதுச் சிறுவன் தன் நாளைப் பற்றிச் சொன்ன சொல் அதில் உண்டு. மார்க்ஸ் அச்சிறுவனைக் கண்டதில்லை. ஆயினும் அவன் சொல்லை அவர் கதையென்று தள்ளவில்லை. தனித்த ஒரு சொல்லாக நம்பிவிடவுமில்லை. வேறு தொழிற்சாலைகளின் சொற்களோடும், முதலாளிகள் தாமே ஆணைக்குழுமுன் ஒப்புக்கொண்டவற்றோடும் ஒட்டிப் பார்த்தார். சாட்சியை ஆராயும் முறை அது.

அம்முறையை மனத்திற்கொண்டு 2009க்கு வருவோம். போர் உச்சமடைந்த அவ்வாண்டின் முற்பகுதியில், வன்னியிற் சிக்கியுள்ள மக்கள் ஓர் இலட்சத்திற்கும் குறைவானோரே என்று கொழும்பிலிருந்து சொல்லப்பட்டது. களத்திலிருந்த உத்தியோகத்தரும் மருத்துவரும் அத்தொகை பன்மடங்கு பெரிது என்றனர். முடிவில் வெளியே வந்தவர் தொகையே எவர் சொல் மெய் என்பதைக் காட்டிற்று. அதன்பின் 2011 ஜனவரியில், கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் தோன்றிய மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் ஒரு கழித்தற்கணக்கை வைத்தார். 2008 ஒக்ரோபர் தொடக்கத்தில் கச்சேரிக் கணக்கின்படி வன்னியில் இருந்தோர் 429,059. 2009 ஜூலை 10 வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தோர் 282,380. கணக்கில் வராதோர் 146,679. அத்தனை பேரும் இறந்தனர் என்று ஆயர் கூறவில்லை. அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதைத் தெளிவுபடுத்துங்கள் என்றே கேட்டார். தாம் அறிந்ததையும் அறியாததையும் வேறுபிரித்து வைத்த அச்சாட்சியம், முன்னே கூறிய ஆப்தன் இலக்கணத்திற்கு நம் காலத்து உதாரணமெனலாம். நிவாரணத்திற்காகக் கூட்டிக் காட்டப்பட்ட கணக்கு அது என்றனர் சிலர். இருக்கலாம். அப்படியாயின் கிராம அலுவலர் பதிவேடுகளை வீடுவீடாக ஒப்பிட்டுக் கூட்டல் எங்கே நிகழ்ந்தது என்று காட்டவேண்டியவர்கள் அவர்களே. அரசாங்கத்தின் சொந்தக் கச்சேரியின் கணக்கு, மக்களுக்குச் சாதகமாகப் பேசத் தொடங்கிய கணமே செவிவழிக் கதையாகிவிட்டதென்பது கவனிக்கற்பாலது.

மருத்துவர்களின் வரலாறு இதனினும் சிக்கலானது. தாக்குதலுக்கு உட்பட்ட வைத்தியசாலைகளிலிருந்து மாதக்கணக்காக உலகிற்குச் செய்தி சொன்ன ஐந்து மருத்துவர், 2009 ஜூலையில் தடுப்புக்காவலில் இருந்தபடியே கொழும்பிற் பத்திரிகையாளர் முன் நிறுத்தப்பட்டு, தாம் முன்னர் கூறியவை புலிகளின் வற்புறுத்தலால் மிகைப்படுத்தப்பட்டவை என்றனர். பின்னர் வெளிநாடு சென்ற ஒருவர், அந்த மறுப்பே வற்புறுத்தலால் வந்தது என்றார். ஒரே வாயிலிருந்து இரு சொற்கள், எதனைக் கொள்வது? சொல்லை மட்டும் பார்ப்பவர் இங்கே திகைத்து நிற்பர், அல்லது தமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வர். சொல் பிறந்த நிலைமையைப் பார்ப்பவரோ, முதலாவது சொல் குண்டுச் சத்தத்தின் நடுவே, ஓர் ஆயுத இயக்கத்தின் அதிகாரத்தின்கீழ்ப் பிறந்தது என்பதையும், இரண்டாவது சொல் சிறைக்காவலின்கீழ்ப் பிறந்தது என்பதையும் எடைபோடுவர். காயமுற்றோரும் தப்பியோரும் வேறுவேறு இடங்களில் தனித்தனியே சொன்னவற்றோடு எது ஒத்துவருகிறது என்றும் பார்ப்பர். அறிவுக்கு இதனினும் குறுக்குவழி இல்லை.

போருக்குப் பிந்திய நமது நாவல்களையும் இந்தக் கண்கொண்டே பார்க்கவேண்டும். ஆசிரியர் அங்கே இருந்தவர் என்பதனாலேயே ஒரு நூல் சிறந்ததென்று முடிவுகட்டும் விமரிசனம் பெருகியுள்ளது. இருந்தவர் எங்கே இருந்தார், யாராக இருந்தார் என்று அது கேட்பதில்லை. பாதுகாப்பான முகாமிலிருந்து கண்டதும், பிள்ளையைக் கட்டாய ஆட்சேர்ப்பில் பறிகொடுத்து வாசலில் நின்ற தாய் கண்டதும் ஒரே போரேயாயினும் ஒரே காட்சியல்ல. அத்தாயின் சொல் நமது வீர இலக்கியத்தில் எத்தனை பக்கம் பெற்றுள்ளது? அரசின் செவிட்டுத்தனத்தை இடித்துரைக்கும் நாம் நமது காதுகளையும் சோதித்துக்கொள்ளவேண்டாமா?

சோதித்தால் கிடைப்பது பெருமைக்குரியதாயில்லை. யாழ்ப்பாணத்தவர் வன்னியை நெடுங்காலம் காடென்றும் காய்ச்சலென்றும், உத்தியோகத்தரைத் தண்டிக்க அனுப்பும் இடமென்றுமே அறிந்திருந்தனர். அவ்வறிவும் கேள்வியறிவே, ஆனால் வன்னியாரைக் கேட்டுப் பெற்றதன்று. 1973இல் வெளிவந்த பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ தண்ணிமுறிப்பின் வாழ்வை உள்ளிருந்து கூறியபோது பலருக்கு அது புதிய நாடாகத் தோன்றிற்று. 1977 வன்செயலின் பின் மலையகத்திலிருந்து வந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காடு வெட்டிக் குடியேறிய மக்களின் கதையோ இன்றும் அரைகுறையாகவே எழுதப்பட்டுள்ளது. இந்த நிலத்தை வெட்டித் திருத்தியது நாங்கள் என்று அவர்கள் சொல்லும்போது, அனுமதிப்பத்திரம் எங்கே என்று கேட்பவர் எப்போதும் சிங்கள அதிகாரியாக இருப்பதில்லை. 1990 ஒக்ரோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது முல்லைத்தீவு முஸ்லிம்களும் ஊரை இழந்தனர். அவர்களுடைய சாட்சியத்தைக் கேட்கத் தமிழிலக்கியம் எடுத்துக்கொண்ட காலதாமதம், நம்முடைய சாட்சியத்தைக் கேட்க உலகம் எடுத்துக்கொண்ட காலதாமதத்தினும் குறைந்ததன்று. அயலவனின் சொல்லை ஐயத்துடனும், தலைவனின் சொல்லை ஐயமின்றியும் கேட்டுப் பழகிய காது நமது.

2017 பெப்ரவரி 20ஆம் நாள் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் தாய்மார் தொடங்கிய போராட்டம் வவுனியாவுக்கும் முல்லைத்தீவுக்கும் பரவிற்று. விடை கிடைக்காமலே அவர்களுட் பலர் இறந்துவிட்டனர். அவர்களது வாக்கியங்களைத் தமிழாசிரியர்கள் கூர்ந்து நோக்கவேண்டும். ‘கொடுத்தேன்’, ‘ஏற்றினேன்’, ‘பார்த்துக்கொண்டு நின்றேன்’: யாவும் தன்மை ஒருமை இறந்தகால வினைமுற்றுக்கள்; எதிலும் ‘ஆம்’ இல்லை. மறுமொழியாக வரும் அரசக் கடிதங்களிலோ வினைகளுக்கு எழுவாயே கிடையாது. விசாரிக்கப்பட்டது, அறியத்தரப்படுகிறது என்று செயப்பாட்டு வினைகளே வரிசையாக வரும். அரசு அமைத்த அலுவலகத்தின் பெயர் ‘காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம்’. போன என்பது தன்வினை. போனவர் தாமாகவே போனார் என்று பொருள்படும். தாய்மார் அச்சொல்லை ஏற்கவில்லை. தம் பதாகைகளில் அவர்கள் ‘வலிந்து காணாமலாக்கப்பட்டோர்’ என்று எழுதினர். ஆக்கப்பட்டோர் என்றால் ஆக்கியவர் ஒருவர் உண்டு. அவர் யார் என்ற கேள்வியும் அச்சொல்லுக்குள்ளேயே உண்டு. இலக்கணம் கற்பிக்கும் நாம் தன்வினைக்கும் பிறவினைக்கும் உதாரணம் தேடி வேறெங்கும் போகவேண்டியதில்லை.